பருத்தி வணிகத்திலிருந்து பம்பாய் நகரசபைக்கு: தாதாபாய் நௌரோஜியின் கணக்கும் அதில் விடுபட்டோரும்

தாதாபாய் நௌரோஜியைக் காங்கிரசின் தலைவராகவும், 1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான இந்தியராகவும் நாம் அறிவோம். நகரசபை உறுப்பினராக அவர் ஆற்றிய பணி அதிகம் பேசப்படுவதில்லை.

1825இல் ஏழைப் பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்த அவர், நான்கு வயதில் தந்தையை இழந்தார். கட்டணமின்றிக் கிடைத்த கல்வியே அவரை எல்பின்ஸ்டன் கல்லூரியின் கணிதப் பேராசிரியராக்கியது. 1855இல் காமா நிறுவனத்தின் பங்காளியாக இலண்டன் சென்றார். அபினி, மது வணிகத்தின் இலாபத்தில் பங்கேற்க மனம் ஒப்பாமல் சில ஆண்டுகளில் விலகி, 1859இல் சொந்தப் பருத்தி வணிகத்தைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் பருத்தி விலை சரிந்தபோது அந்நிறுவனமும் நொடித்தது.

பரோடாவில் திவானாகச் சிறிது காலம் பணியாற்றி விலகிய பின், 1875இல் பம்பாய் நகரசபை உறுப்பினரானார். விகார் நீர்த்தேக்கக் கடனுக்காக அரசு நகரசபையிடம் கோரிய தொகையை வரவு செலவு ஏடுகளோடு ஒப்பிட்டு, அது மிகையானது என வாதிட்டார். அடுத்த ஆண்டே இந்தியாவின் வறுமை குறித்த தம் ஆய்வை முன்வைத்தார். ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் எனக் கணக்கிட்டு, சிறைக்கைதிக்கு அரசு செய்யும் உணவு, உடைச் செலவைக் காட்டிலும் அது குறைவு என நிறுவினார். நாட்டுச் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்துபோவதை எடுத்துரைத்த அவரது கோட்பாடு இக்கணக்குகளின் மீதே எழுந்தது.

ஆயினும் அந்தச் சபை யாருடையது என நாம் கேட்டாக வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் 64 உறுப்பினர்களில் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர்; எஞ்சியோர் சமாதான நீதிபதிகளாலும் (Justices of the Peace) அரசாலும் அமர்த்தப்பட்டனர். மலம் அள்ளும் பணிக்கென ‘அலால்கோர்’ வரி என்ற பெயரிலேயே நகரசபை பணம் திரட்டியது. அப்பணியைச் சுமந்த சாதியினரின் பெயர் வரிப் பட்டியலில் இருந்தது. வாக்காளர் பட்டியலுக்கோ சொத்தும் வரியுமே நுழைவாயில். நௌரோஜியின் 20 ரூபாயும் ஒரு சராசரியே. சராசரிக்குக் கீழே இருப்பவர் யார், எந்தச் சாதியினர் என்பதை அது சொல்லாது.

இக்குறையைச் சுட்டுவது அவரது உழைப்பைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. ஆட்சியாளரின் ஏடுகளிலிருந்தே ஆட்சியாளருக்கு எதிரான சான்றைத் திரட்டும் முறையை, 1917இல் மறையும் முன் அவர் நமக்கு விட்டுச்சென்றார். வழக்காடுவோருக்கும் களப்பணியாளருக்கும் மாணவருக்கும் அது இன்றும் பயன்படும். நம் ஊர் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெறுவோம். தூய்மைப் பணிக்கென ஒதுக்கிய தொகையில் தொழிலாளியின் கூலிக்கும் பாதுகாப்புக் கருவிக்கும் எவ்வளவு சென்றது, ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு சென்றது என வரி வரியாகப் பார்ப்போம். நௌரோஜி விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டிய கணக்கு இதுவே.