மொசார்ட்டைக் கொன்றது விஷமா, தொண்டைப் புண்ணா?

‘அமேடியஸ்’ படம் பார்த்தவர்களுக்கு மொசார்ட்டின் மரணம் என்றாலே சாலியேரிதான் ஞாபகத்துக்கு வருவார். பொறாமை பிடித்த சக இசையமைப்பாளர்தான் காரணம் என்ற பழைய வதந்தியை, 1984-ல் வந்து 8 ஆஸ்கர் வாங்கிய அந்தப் படம் உலகம் முழுக்கக் கொண்டு போனது. கதையாகப் பார்த்தால் செம. ஆனா, மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை.

காய்ச்சலோடு வளர்ந்த பையன்

1756 ஜனவரி 27 அன்று சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார் மொசார்ட். கூடப்பிறந்தவர்களோடு சேர்த்து 7 பிள்ளைகள். பிழைத்தது அக்கா நானெர்லும் கடைக்குட்டியான இவரும்தான். 1762 அக்டோபரில், 6 வயசுப் பையனாக வியன்னா அரண்மனையில் மகாராணி மரியா தெரேசா முன்னால் வாசித்தான். ஊரே கொண்டாடியது. சில நாட்களிலேயே படுத்துவிட்டான். காய்ச்சல், கால்களில் சிவந்து வலிக்கிற தடிப்புகள். அப்பா லியோபோல்ட் இதைக் கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த இக்கால மருத்துவர்கள் ‘எரித்தீமா நோடோசம்’ என்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின்னால் வருவது. ஊர் திரும்பியதும் மூட்டு வலி. 1764-ல் பாரிஸில் தொண்டை வலி, 1767-ல் பெரியம்மை. இதற்கு நடுவிலும் ஐரோப்பா முழுக்கக் கச்சேரி! இந்தக் காலத்துப் பையனாக இருந்தால் ஸ்கூலுக்கே லீவு போட்டிருப்போம்.

தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கிருமியோடு சண்டை போட உடம்பு எதிர்ப்புப் பொருட்களை உருவாக்கும். அவை கிருமியின் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் போய்த் தங்கினால் அங்கே அழற்சி வரும். தொண்டை வலி சரியாகி 1-2 வாரம் கழித்து, தோல் சிரங்கு என்றால் இன்னும் சில வாரம் தள்ளித்தான் இது தெரியும். காலையில் முகம், கண் இமை வீங்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ரத்த அழுத்தம் ஏறும். இது அதிகம் தாக்குவது பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளைத்தான். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் முழுசாகத் தேறிவிடுவார்கள். ஆனாலும் இந்த அறிகுறி தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு வந்தால் அவ்வளவு லேசில் விடாது.

கடைசி 15 நாள்

1791 செப்டம்பரில் மட்டும் மொசார்ட்டின் இரண்டு புது ஓபராக்கள் அரங்கேறின. அடுத்து ‘ரெக்வியம்’. நவம்பர் 20 அன்று படுக்கையில் விழுந்தார். முதலில் கை கால், பிறகு உடம்பு முழுக்க வீக்கம். திரும்பிப் படுக்கவே முடியவில்லை. முன்பக்கமாக மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு இரவுச் சட்டையை மாமியாரும் மச்சினி சோஃபியும் தைத்துக் கொடுத்தார்கள். மருத்துவர்கள் ரத்தத்தை வடித்தார்கள். அந்தக் கால வழக்கம் அது. டிசம்பர் 5, நள்ளிரவு தாண்டி உயிர் போனது. வயசு 35. கடைசிப் பையனுக்கு அப்போது 4 மாதம்தான்.

உடம்பு வீங்குவதற்குச் சிறுநீரகம் காரணமாக இருக்கலாம் என்று 1827-ல் தெளிவாக எழுதிக் காட்டியவர் ரிச்சர்ட் பிரைட். மொசார்ட் சாகும்போது அவர் 2 வயசுக் குழந்தை.

அப்போ விஷம்? ஆதாரம் எதுவும் இல்லை. சாலியேரிமேல் பழி விழுந்தது அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். 2009-ல் ஓர் ஆய்வுக் குழு வியன்னாவின் பழைய மரணப் பதிவேட்டில் 5,011 பேரின் விவரங்களை அலசியது. மொசார்ட் இறந்த சமயத்தில், முந்தைய, அடுத்த ஆண்டுகளைவிட அதிகமான இளம் ஆண்கள் உடல் வீக்கத்தால் இறந்திருந்தார்கள். ஊரில் ஸ்ட்ரெப் தொற்று பரவி, அதன் பின்விளைவாகச் சிறுநீரகம் கெட்டிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. வாதக் காய்ச்சல் என்று சொல்பவர்களும் உண்டு. பரிசோதித்துப் பார்க்க வழியில்லை: பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, செயின்ட் மார்க்ஸ் கல்லறையில் அவரைப் புதைத்த சரியான இடமும் தெரியாது.