சம்பளமே வாங்காத தலைவர்... நீக்கியதும் ராஜினாமா செய்த அதிகாரிகள்! ஜே.ஆர்.டி. டாடாவும் ஏர் இந்தியா ஊழியர்களும்

1978 பிப்ரவரி. ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடாவை நீக்கியது மொரார்ஜி தேசாய் அரசு. கால் நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். அதற்காக ஒரு பைசா சம்பளம் வாங்கியதில்லை. ஆனா இந்தத் தகவலை அவருக்கு முதலில் சொன்னது பிரதமரும் இல்லை, துறை அமைச்சரும் இல்லை. அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்ட முன்னாள் விமானப்படைத் தளபதி பி.சி.லால்தான் சொன்னார். பிரதமரின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அடுத்து நடந்தது அரசு நிறுவனங்களில் அபூர்வமான விஷயம். நிர்வாக இயக்குநராக இருந்த கே.ஜி.அப்புசாமி ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நாரி தஸ்தூரும் வெளியேறினார். தொழிற்சங்கங்களும் எதிர்ப்பு தெரிவித்தன. தலைவரை எதிர்த்துக் கொடி பிடிக்கிற சங்கங்களைப் பார்த்திருப்போம். தலைவரைத் தூக்கிட்டாங்களே என்று கொதித்த சங்கங்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? இத்தனைக்கும் அவர் அப்போது முதலாளியே கிடையாது. கம்பெனி அரசாங்கத்துடையது.

ஓலைக் கொட்டகையில் தொடங்கிய கம்பெனி

1904-ல் பாரிஸில் பிறந்தவர் ஜே.ஆர்.டி. அம்மா பிரெஞ்சுக்காரர். 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸை வாங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று ஒற்றை இன்ஜின் 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நம்ம மெட்ராஸுக்கு அந்தத் தபாலைக் கொண்டு வந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.

ஜூஹுவில் ஒரு மண் திடல், பக்கத்தில் ஓலைக் கொட்டகை. அவ்வளவுதான் ஏர்போர்ட். மழைக்காலத்தில் திடல் தண்ணீரில் மூழ்கிவிடும், மொத்த ஜாகையும் பூனாவுக்கு மாறும். வேலை பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1933-ம் ஆண்டு முழுக்க ஏறிய பயணிகள் 155 பேர். தலைவரும் விமானம் ஓட்டுவார், மெக்கானிக்கோடு நின்று பேசுவார். ஊழியர்களோடு அவருக்கிருந்த நெருக்கம் இந்தத் திடலில் ஆரம்பித்தது. பின்னாளில் போர்டு ரூமில் உட்கார்ந்து வரவழைத்துக்கொண்டது இல்லை.

1946-ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் சர்வதேச விமானம் கிளம்பியது. அதிலும் ஜே.ஆர்.டி. இருந்தார்.

பறிகொடுத்த பிறகும் ஏன் இருந்தார்?

1953-ல் விமான நிறுவனங்களை நேரு அரசு நாட்டுடைமை ஆக்கியது. தன்னிடம் சரியாகக் கலந்து பேசவே இல்லை என்பது ஜே.ஆர்.டி.யின் பெரிய மனக்குறை. ஆனாலும் சர்வதேச சேவைக்குத் தலைவராக இருக்கச் சொல்லி அரசு கேட்டபோது ஒப்புக்கொண்டார். தான் விலகினால் தரம் சரிந்துவிடும் என்ற கவலைதான் காரணம். தன் கையை விட்டுப் போன கம்பெனிக்கு, சம்பளம் இல்லாமல் உழைக்க வந்தார்.

பயணம் போய்விட்டு வந்தால் உடனே குறிப்பு எழுதுவார். டீயின் நிறத்தைப் பார்த்தால் காபியா என்று சந்தேகம் வருகிறது என்பது ஒரு குறிப்பு. சில சீட்டுகள் அதிகமாகச் சாய்கின்றன, சில சாயவே மாட்டேன் என்கின்றன, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள் என்பது இன்னொன்று. தூசி படிந்த கவுன்ட்டரை அவரே துடைத்ததாகவும், விமானத்தில் கழிவறை அசுத்தமாக இருந்தபோது தானே இறங்கிச் சுத்தம் செய்ததாகவும் சொல்வார்கள்.

படிக்க ரொம்ப இனிமையா இருக்கு. ஆனா இப்படி ஒரு தலைவர் விமானத்தில் ஏறினால் ஊழியருக்கு வயிறு கலங்கத்தானே செய்யும்? தப்பு எங்கே நடந்தாலும் அவர் கண்ணில் படும். இருந்தும் மரியாதை குறையவில்லை. வேலையைத் தெரிந்தவர் குறை சொல்கிறார் என்பது ஊழியர்களுக்குத் தெரியும். 1960-ல் போயிங் 707 வந்தது, 1962-ல் ஏர் இந்தியாவின் விமானங்கள் எல்லாமே ஜெட் ஆகிவிட்டன. அந்தப் பெருமையில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள்.

மறக்கக் கூடாத இன்னொரு பக்கம்

இதே ஏர் இந்தியாவில்தான், இவர் தலைவராக இருந்தபோதே, விமானப் பணிப்பெண்களுக்கு இப்படி விதிகள் இருந்தன: 35 வயதில் ஓய்வு. வேலையில் சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் முறை கர்ப்பம் ஆனாலே வேலை முடிந்தது. 35-க்குப் பிறகு ஒருவர் தொடரலாமா என்பது நிர்வாக இயக்குநர் மனசு வைப்பதைப் பொறுத்தது. அதே விமானத்தில் வேலை செய்த ஆண் ஊழியர்களுக்கோ ஓய்வு வயது 58.

1981-ல்தான் சுப்ரீம் கோர்ட் இதில் தலையிட்டது. கர்ப்ப விதியையும், நிர்வாக இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் ரத்து செய்தது. 4 ஆண்டு கல்யாணத் தடையை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. டீயின் நிறம் வரை கவனித்த தலைவரின் காலத்தில் இந்த விதி எப்படி நீடித்தது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீலில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து ஆலோசிக்கும் முறையை 1956-ல் சங்கத்தோடு எழுத்துபூர்வ ஒப்பந்தமாகவே போட்டவர் இதே ஜே.ஆர்.டி. அங்கே காகிதத்தில் ஏற்பாடு இருந்தது. ஏர் இந்தியாவில் அந்த உறவு பெரும்பாலும் ஒரு தனி மனிதரையே நம்பி இருந்தது. அந்த மனிதரை அனுப்ப டெல்லியில் ஒரு கையெழுத்து போதும்.

விபத்து, நீக்கம், அதற்குப் பிறகு

1978 புத்தாண்டு அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய 'எம்பரர் அசோகா' போயிங் 747 கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். நிறுவனமே துக்கத்தில் இருந்த நேரம். அடுத்த மாதம் தலைவரும் மாற்றப்பட்டார். புதிதாக வந்த லால் 1971 போரில் விமானப்படையை வழிநடத்தியவர். அதே சமயம், 1973 கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸில் கதவடைப்பு அறிவிக்கப்பட்டபோது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவரும் அவர்தான்.

ராஜினாமாக்களும் எதிர்ப்பும் முடிவை மாற்றவில்லை. 1980-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த இந்திரா காந்தி அரசு ஜே.ஆர்.டி.யை ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இரண்டின் இயக்குநர் குழுவிலும் சேர்த்தது. தலைவராக அல்ல, உறுப்பினராக. 1982-ல், 78 வயதில், ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு அதே கராச்சி - பம்பாய் பாதையில் மறுபடி பறந்து காட்டினார் மனிதர். 1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29 அன்று ஜெனிவாவில் காலமானார்.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மறுபடி டாடா குழுமத்திடம் வந்தது. அப்போது நிரந்தரம், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து ஊழியர்கள் சுமார் 12,000 பேர். முதல் ஒரு வருஷத்துக்கு ஆட்குறைப்பு கூடாது, அதற்குப் பிறகு குறைப்பதாக இருந்தால் விருப்ப ஓய்வுத் திட்டம் தர வேண்டும் என்பதை விற்பனை நிபந்தனையாகவே எழுதி வைத்திருந்தது மத்திய அரசு.