விளக்கும் கணக்கேடும்

விளக்கேந்திய மங்கை என்று உலகம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். ஆயினும், அவ்விளக்கினும் மிகுதியாக உயிர்களைக் காத்தது அவர்தம் கணக்கேடே என்பதை அறிந்தார் சிலரே. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலேயக் குடியில் பிறந்தார். செவிலித் தொழில் குடிக்கு இழுக்கென்று வீட்டார் தடுத்தும் அவர் உள்ளம் தளரவில்லை. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார்.

அங்கே மருந்து ஒரு துறையிடம். உணவும் துணியும் வேறு துறைகளிடம். ஒருவர் பொறுப்பை மற்றொருவர் தலையில் சுமத்த, இடையில் வீரர்கள் மாண்டனர். கட்டிடத்தின் அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. 1855 மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் அதனைத் துப்புரவு செய்தனர். பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆயிருந்த இறப்பு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

1856-இல் தாயகம் திரும்பிய அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பாருடன் அமர்ந்து கணக்கிட்டார். காயத்தால் இறந்தோரினும் நோயால் இறந்தோரே பன்மடங்கு என்பது தெளிவாயிற்று. மருத்துவமனைகளோ தத்தமக்குத் தோன்றியவாறு நோய்க்குப் பெயரிட்டுக் குறித்து வந்தன. எனவே, எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் கணக்கு எழுதவேண்டும் என்னும் திட்டத்தை 1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டின்முன் வைத்தார். ஓரிடத்தில் ஏற்றிய சரக்கு மற்றோரிடத்தில் பழுதின்றி இறங்க, இரு நிலையத்தாரும் ஒரே முறையில் எழுதவேண்டும் என்பதை இரயில்வே அலுவலில் உள்ள நாம் நன்கு உணர்வோம்.

இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை. நோயுற்றுப் படுக்கையில் இருந்தவாறே, இந்நாட்டுப் படைமுகாம்கள் அனைத்திற்கும் வினாப்பட்டியல் அனுப்பி விடைகளைத் தொகுத்தார். ஆங்கிலப் படையினருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மடிவதை 1863-ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. மறு ஆண்டே வங்கம், பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுகளில் அவ்விறப்பு 18 ஆயிற்று. அதன்பின் நம் சிற்றூர் மக்களின் நலத்திற்காகவும் ஓயாது எழுதினார். 1910 ஆகஸ்ட் 13-இல், 90-ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே! இன்றும் ஒரு மருத்துவர் அறிந்ததை மற்றொரு மருத்துவர் அறியாமல் நோயாளி அல்லலுறுவதைக் காண்கின்றோம். தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இத்துன்பம் இருமடங்கு. ஒவ்வோர் இல்லத்தாரும் மருத்துவச் சீட்டுகளை ஒரே கோப்பில் சேர்த்து வைப்பாராக. மொழி அறியா முதியவருடன் மருத்துவமனை செல்லச் சங்கத்து இளைஞர் முன்வருவாராக. அம்மையாருக்கு நாம் ஏற்றும் விளக்கு அதுவே.