தாமஸ் குக்

பல நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுபவருக்குப் பயணத்தைவிடப் பயணத்திற்கு முற்பட்ட வேலையே பெரிது. எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது, எந்த வண்டியை விட்டு எந்த வண்டியில் ஏறுவது, எல்லையைக் கடந்தால் கையிலுள்ள காசு செல்லுமா, இரவில் படுக்க இடம் கிடைக்குமா என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். செல்வர்கள் இவ்வேலைக்கென்று ஆள் வைத்துக்கொண்டார்கள். ஏனையோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்வரை ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. கூலி வேலை செய்து வளர்ந்த தச்சர் ஒருவர் அந்நிலைமையை மாற்றினார்.

தாமஸ் குக் 1808ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இங்கிலாந்தில் டெர்பிஷயரைச் சேர்ந்த மெல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய நான்காம் வயது நிரம்புவதற்குள் தந்தை இறந்துவிட்டார். வறுமை காரணமாகப் பத்து வயதிலேயே பள்ளியை விட்டு, தோட்டக்காரர் ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தார். கூலி நாளொன்றுக்கு ஒரு பென்னி. பதினான்காம் வயதில் தம் மாமனிடம் தச்சுத் தொழில் பயிலத் தொடங்கினார். தொழிலைக் கற்றுக்கொண்டபோதிலும், மனம் சமயப் பணியையே நாடியது. இருபதாம் வயதில் பாப்டிஸ்ட் திருச்சபையின் சார்பில் சிற்றூர்தோறும் சென்று போதிக்கும் ஊழியரானார். 1829ஆம் ஆண்டில் மட்டும் 2,692 மைல் சுற்றினார்; அவற்றுள் 2,106 மைல் கால்நடையாகவே சென்றார். பின்னாளில் உலகத்தாரை வண்டியிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பியவருக்கு ஊர்வழிகளின் அருமையை முதலில் உணர்த்தியவை அவருடைய கால்களே.

திருச்சபையில் பணம் குறையவே, அவர் மீண்டும் தச்சுப் பட்டறைக்குத் திரும்பினார். 1833இல் மரியான் மேசன் என்னும் நங்கையை மணந்து, மார்க்கெட் ஹார்பரோ என்னும் ஊரில் குடியேறினார். அக்காலத்தில் ஆலைத் தொழிலாளர் பலர் கூலியின் பெரும்பகுதியை மதுக்கடையில் இழந்தனர். குக் மது அருந்துவதில்லை என உறுதி பூண்டு, மதுவிலக்கு இயக்கத்தில் முழு மூச்சாக ஈடுபட்டார்.

1841ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக அவர் லெஸ்டர் நகருக்கு நடந்து சென்றார். ஏறத்தாழப் பதினைந்து மைல் தொலைவு. வழியில் அவருள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. புகைவண்டி அப்போது புதிதாக வந்திருந்தது. அதனை ஏன் மதுவிலக்குப் பணிக்குப் பயன்படுத்தலாகாது? மதுக்கடையைத் தவிர வேறு பொழுதுபோக்கறியாத மக்களை மொத்தமாக ஒரு வண்டியில் ஏற்றி வேறோர் ஊரைக் காட்டி அழைத்து வந்தால் என்ன? புகைவண்டிக் குழுவினரிடம் பேசித் தனி வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். ஜூலை 5ஆம் நாள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து, லெஸ்டரிலிருந்து லஃப்பரோ சென்று திரும்பினர். கூரையற்ற பெட்டிகளில் நின்றுகொண்டும் இசைக்குழு முழங்கவும் அவர்கள் சென்ற தொலைவு பன்னிரண்டு மைலே. எனினும், அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதுவே பெரும்பயணம்.

அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய பயணங்களைப் பொதுப்பணியாகவே நடத்தினார். 1845இல் முதன்முறையாக ஊதியம் கருதி, லிவர்ப்பூல் நகருக்கு ஒரு பயணம் வகுத்தார். முதல் வகுப்புக்குப் பதினான்கு ஷில்லிங். இரண்டாம் வகுப்புக்குப் பத்து ஷில்லிங். சீட்டுகளை விற்பதற்கு முன் அவர் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. வழி முழுவதையும் தாமே ஒருமுறை சென்று பார்த்தார். வண்டி நிற்குமிடங்கள், தங்குதற்குரிய விடுதிகள், காணத்தக்க காட்சிகள் அனைத்தையும் குறித்து வைத்து, அவற்றை ஒரு கைந்நூலாக அச்சிட்டுப் பயணிகளுக்கு அளித்தார். பிறரை அனுப்பும் வழியில் தாம் முதலில் செல்லுதல் என்பதை அவர் ஒரு நெறியாகவே கொண்டிருந்தார்.

முயற்சிகள் யாவும் கனியவில்லை. 1846இல் ஸ்காட்லாந்துக்கு அவர் நடத்திய பயணத்தில், வழியில் தருவதாகச் சொல்லியிருந்த உணவு கிடைக்கவில்லை. கப்பலில் அனைவருக்கும் அறைகள் இல்லை. பலர் மேல்தளத்தில் மழையில் நனைந்தனர். அவ்வாண்டே அவர் கடனாளியாகித் தொழில் முறிந்தார். வேறொருவராயின் தச்சுப் பட்டறைக்கே திரும்பியிருப்பார். குக் மறுபடியும் ஸ்காட்லாந்துக்கே பயணங்களை நடத்தி, அந்நாட்டு மலைகளையும் ஏரிகளையும் ஆயிரக்கணக்கானோர்க்குக் காட்டினார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களை அழைத்துச் சென்றார். அப்போது பதினேழு வயதினனான மைந்தன் ஜான் மேசன் குக்கும் உடனிருந்து உழைத்தான்.

1855ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி தொடங்கியது. இங்கிலாந்தின் எளிய மக்களும் அதனைக் காண வேண்டும் என்று குக் விரும்பினார். டோவர் வழியாகக் கால்வாயைக் கடந்து பாரிசுக்குச் செல்வதே நேர்வழி. ஆனால், அவ்வழியில் வண்டி ஓட்டிய குழுவினர் அவருக்குக் கட்டணச் சலுகை தர இசையவில்லை. நேர்வழி அடைபட்டதும் அவர் சுற்றுவழியைத் தேர்ந்தார். அச்சுற்றுவழியே பிற்காலத்துப் பன்னாட்டுப் பயணங்களுக்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று.

ஹார்விச்சுத் துறைமுகத்தில் கப்பலேறி, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இறங்குதல். பிரசல்ஸ் நகரையும், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ களத்தையும் காணுதல். பிறகு கொலோன் சென்று, ரைன் ஆற்றில் படகேறி, கரையோரக் கோட்டைகளைப் பார்த்தவாறே மைன்ஸ் அடைதல். பிராங்க்பர்ட், ஹைடல்பெர்க், பாடன்-பாடன், ஸ்டிராஸ்பர்க் ஆகிய நகரங்களின் வழியே பாரிசை நெருங்குதல். கண்காட்சியைக் கண்டபின் பிரான்சின் கடற்கரை வழியாக இங்கிலாந்து திரும்புதல் என்று அவர் வழி வகுத்தார்.

படத்தில் கோடு கிழிப்பது எளிது. அக்காலத்தில் அக்கோட்டின்மீது நடப்பது எளிதன்று. ஜெர்மனி என்று ஒரே நாடு அன்று இல்லை. கொலோன் பிரஷ்ய மன்னருடையது. மைன்ஸ் ஹெஸ்ஸிக் கோமகனுடையது. பிராங்க்பர்ட் தனி உரிமை நகரம். ஹைடல்பெர்க் பாடன் நாட்டுக்குரியது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பிராங்க், பிரஷ்யாவில் தாலர், தெற்கே குல்டன் என நாணயங்கள் வேறுபட்டன. கடிகாரங்களும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு நேரம் காட்டின. எல்லைதோறும் அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விடை கண்டு, ஒரே கட்டணத்தில் ஒரே சீட்டாக மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பதே குக்கின் கருத்து. அதனை அப்போது அவரால் ஓரளவே நிறைவேற்ற முடிந்தது. தாமே தலைமை தாங்கி அழைத்துச் சென்றார், பயணிகள் மகிழ்ந்தனர். துணையின்றித் தனியே செல்லத் தயங்கிய பெண்டிர் பலர்க்கு இத்தகைய பயணங்கள் நல்வாய்ப்பாயின. ஆனால், பணக்கணக்கில் மிஞ்சியது நட்டமே.

1862இல் ஸ்காட்லாந்துப் புகைவண்டிக் குழுவினர் அவருக்களித்த சலுகையை நிறுத்திவிட்டனர். இது தொழிலுக்கு விழுந்த பேரடி. குக் மீண்டும் கடலுக்கப்பால் நோக்கினார். இம்முறை நியூஹேவன் வழியாகப் பாரிஸ் செல்லும் குழுவினர் இசைந்தனர். 1863ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இலண்டனிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. பாரிசோடு பலர் நின்றுவிட, எஞ்சியோர் ஸ்விட்சர்லாந்துக்குச் சென்றனர். ஜெனீவாவைக் கண்டு, பிரான்சுக்குள் நுழைந்து ஷமோனிப் பனியாற்றில் நடந்து, மறுபடியும் ஸ்விட்சர்லாந்துக்குள் புகுந்து, கெம்மிக் கணவாயைக் கடந்து, இன்டர்லாக்கன், லூசர்ன் ஆகிய ஊர்களை அடைந்தனர். ரிகி மலையுச்சியில் கதிரவன் எழும் காட்சியையும் கண்டனர். பொழுது புலரும் முன்பே எழுந்து, கோவேறு கழுதைமீதும் கால்நடையாகவும் மலையேறிய அக்கூட்டத்தில் ஜெமீமா மோரல் என்னும் இளநங்கை நாட்குறிப்பு எழுதிவந்தார். நூறாண்டு கழித்து, 1963இல் அது நூலாக வெளிவந்தது. கனத்த நீண்ட பாவாடையுடன் பனியிலும் பாறையிலும் நடந்த அப்பெண்களின் ஊக்கம் வியத்தற்குரியது.

அடுத்த ஆண்டில் இத்தாலிக்கும் வழி திறந்தது. கூட்டம் பெருகப் பெருகப் பழிப்பும் பெருகியது. வெனிசும் பிளாரன்சும் உயர்குடியினர்க்கே உரியவை என்றும், கடைக்காரரும் ஆசிரியரும் எழுத்தரும் அங்கு வருதல் அவ்விடங்களைக் கெடுக்கும் என்றும் சிலர் ஏசினர். இத்தாலியில் பிரிட்டிஷ் அரசின் சார்பாளராய் இருந்த சார்லஸ் லீவர் என்னும் நாவலாசிரியர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளையே குக் இத்தாலிக்குக் கொண்டுவந்து விடுகிறார் என்று 1865இல் புனைபெயரில் எழுதினார். அவர் நகைச்சுவையாக எழுதியது பலருக்கு உண்மையாகவே பட்டது. குக் வாளாவிருக்கவில்லை. அயல்நாட்டு அமைச்சரிடம் முறையிட்டார். தாம் நடத்திய இதழில் விரிவாக மறுப்பு எழுதினார். மலையும் கடலும் ஓவியமும் ஒரு வகுப்பாரின் தனிச்சொத்தல்ல என்பதும், இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும் எல்லோர்க்கும் பொதுவாக வந்தவை என்பதும் அவருடைய வாதம். மதுவிலக்குக் கூட்டத்திற்கு நடந்த நாளிலும் அவர் கொண்டிருந்த கொள்கை இதுவே.

1855இல் அரைகுறையாக நின்ற ஏற்பாட்டை அவர் படிப்படியாக நிறைவு செய்தார். பல நாட்டுப் புகைவண்டிக் குழுவினரோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரு சிறு புத்தகம் போன்ற சுற்றுப்பயணச் சீட்டை வெளியிட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் அதில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் போதும். 1868இல் விடுதிகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார். குறித்த விடுதியில் கூப்பனை நீட்டினால் படுக்கையும் உணவும் கிடைக்கும். பேரம் பேச வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அயல்நாடுகளில் பணமாக மாற்றிக்கொள்ளத்தக்க சுற்றுக் கடிதங்களும் வந்தன. ஐரோப்பாவின் வண்டி நேரங்களைத் தொகுத்த கால அட்டவணை 1873இல் வெளிவந்தது. பயணி தம் வீட்டு மேசையிலிருந்தே ஐந்து நாடுகளின் வழியை நாள்வாரியாக வகுத்துக்கொள்ள அது உதவியது. குக் தலைமை தாங்காத இடத்திலும் அவர் வகுத்த ஒழுங்கு பயணியோடு சென்றது.

1869இல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் தாமே கூட்டம் ஒன்றை நடத்திச் சென்றார். 1872ஆம் ஆண்டு செப்டம்பரில், அறுபத்துநான்காம் வயதை எட்டும் நிலையில், சிறு குழுவோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா ஆகியவற்றைக் கண்டு, எகிப்து வழியாக 222 நாளில் இங்கிலாந்து திரும்பினார். எண்பது நாளில் உலகைச் சுற்றும் ஜூல்ஸ் வெர்னின் கதை பாரிஸ் இதழொன்றில் தொடராக வந்ததும் அக்காலத்திலேயே. கதைத் தலைவன் பந்தயத்திற்காக விரைந்தான்; குக் அடுத்துப் போகிறவர்களுக்காக நின்று பார்த்துக்கொண்டு போனார்.

அவர் பெற்ற வெற்றியே வீட்டில் பிளவை உண்டாக்கியது. தந்தைக்குப் பயணமும் தொண்டும் வேறல்ல. நட்டம் வந்தாலும் சமய ஊழியர்க்கும் மதுவிலக்காளர்க்கும் உதவ வேண்டும் என்பார். மகன் ஜான் கணக்கில் கண்டிப்பானவர். தொழிலும் தருமமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்றார். இருவரிடமும் நியாயம் உண்டு. ஜானின் திறமையன்றி நிறுவனம் உலகளாவியிராது. தாமஸின் உள்ளமன்றி அது தோன்றியே இராது. 1870களின் முடிவில் தந்தை விலகினார். அதன்பின் அவர் கண்டவை பெரும்பாலும் துயரங்களே. 1880இல் ஒரே மகள் ஆனி குளியலறையில் எரிவாயு நச்சுப்புகையால் இறந்தாள். 1884இல் மனைவியும் மறைந்தார். கண்பார்வையும் அவரை விட்டகன்றது. 1891இல் நிறுவனத்தின் பொன்விழா இலண்டனில் ஆடம்பரமாக நடந்தபோது, அதனைத் தோற்றுவித்தவர் அங்கு இல்லை. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் லெஸ்டரில் உயிர் நீத்தார்.

அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பல கைகள் மாறி, 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் முறிந்தது. ஒன்றரை இலட்சம் பிரிட்டிஷ் பயணிகள் அயல்நாடுகளில் நின்றுவிட, அரசே அவர்களை அழைத்துவர நேர்ந்தது. 1851இல் அவர் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இதுவே.

கண்ணொளி குன்றிய கடைசி நாட்களில் அவர் பிறந்த ஊரை மறக்கவில்லை. தாம் ஒரு பென்னிக் கூலிக்கு உழைத்த மெல்போர்னில், ஏழை எளியவர் குடியிருப்பதற்காகப் பதினான்கு வீடுகளும், வழிபாட்டுக்கென ஒரு கூடமும், துணி வெளுக்கவும் ரொட்டி சுடவும் தனித்தனி இடங்களும் 1890, 1891ஆம் ஆண்டுகளில் கட்டுவித்தார்.