புயலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தவர்... யார் இந்த ஹென்றி பிடிங்டன்? அவர் கொடுத்த எச்சரிக்கை என்ன ஆனது?

ஏப்ரல், மே வந்தாலே எல்லோருடைய பார்வையும் வங்கக்கடல் பக்கம் திரும்பிவிடும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகுமா, அது புயலாக மாறுமா, எங்கே கரையைக் கடக்கும் என்று செய்திகள் வரிசைகட்டும். அப்போது ஆங்கிலத்தில் தவறாமல் காதில் விழும் சொல் ‘சைக்ளோன்’. இன்று உலகமே பயன்படுத்தும் இந்தச் சொல் பிறந்தது கல்கத்தாவில். பெயர் வைத்தவர் வானிலை படித்துப் பட்டம் வாங்கியவர் கிடையாது. கப்பல் ஓட்டிய கேப்டன்.

யார் இந்த பிடிங்டன்?

ஹென்றி பிடிங்டன் 1797-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தார். இளம் வயதிலேயே வணிகக் கப்பல்களில் சேர்ந்து, இந்தியா, சீனா பக்கம் போகும் கப்பல்களில் வேலை பார்த்து கேப்டன் ஆனார். 1830 வாக்கில் கடலை விட்டுவிட்டு கல்கத்தாவில் குடியேறினார். அங்கே ஆசியவியல் கழகத்தில் பொறுப்பு வகித்தார், நிலவியல் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டார்.

இன்னொரு முக்கியமான வேலையும் அவரிடம் வந்தது. கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்தின் தலைவர் பதவி. ஒரு கப்பல் மூழ்கினால் ஏன் மூழ்கியது, கேப்டன் எந்தத் திசையில் திருப்பினார், காற்று எப்படி வீசியது என்று தோண்டித் துருவிக் கேட்பதுதான் வேலை. சரியான பக்கம் திருப்பியிருந்தால் பல கப்பல்கள் தப்பியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனா எது சரியான பக்கம்? அதைச் சொல்லித்தர அப்போது ஆளில்லை.

கோடையில் கடலில் என்ன நடக்கிறது?

வெயில் காலத்தில் நிலம் மட்டுமல்ல, கடலும் சூடாகிறது. கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயலுக்குத் தேவையான தீனி கிடைத்துவிடும். சூடான நீர் ஆவியாகி மேலே போகும், கீழே காற்றழுத்தம் குறையும், சுற்றியுள்ள காற்று உள்ளே பாயும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து சுற்றத் தொடங்கும்.

வங்கக்கடலில் இது பெரும்பாலும் இரண்டு சீசனில் நடக்கும். பருவமழைக்கு முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கும்போது, கீழே ஒரு வேகத்திலும் மேலே வேறு திசையிலும் காற்று ஓடும். அதனால் பெரிய புயல்கள் எழும்புவது குறைவு. அட்லாண்டிக் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே மொரிஷியஸ் பக்கம் கோடை என்பது நம்ம குளிர்காலம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் வரும்.

இன்று இதெல்லாம் பள்ளிப் பாடம். பிடிங்டன் காலத்தில் புயல் ஒரு சுழற்காற்று என்பதையே நம்பாதவர்கள் நிறைய பேர்.

1839 ஜூன்: முதல் ஆய்வு

இதற்கு முன்பே இரண்டு பேர் வழி காட்டியிருந்தார்கள். 1821-ல் அமெரிக்காவில் வீசிய புயலுக்குப் பிறகு வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர், மரங்கள் ஒரு இடத்தில் ஒரு பக்கமாகவும் இன்னொரு இடத்தில் அதற்கு நேரெதிராகவும் சாய்ந்து கிடப்பதைக் கவனித்தார். 1831-ல் பார்படோஸ் தீவைப் புயல் புரட்டிப்போட்டபோது சீரமைப்பு வேலைக்குப் போன ராணுவப் பொறியாளர் வில்லியம் ரீட், அட்லாண்டிக் புயல்களை ஆராய்ந்து 1838-ல் புத்தகம் வெளியிட்டார்.

அந்தப் புத்தகம் பிடிங்டன் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1839 ஜூன் 3 முதல் 5 வரை வங்கக்கடலில் ஒரு புயல் அடித்தது. அதில் சிக்கிய கப்பல்களின் லாக் புத்தகங்களை அவர் திரட்டினார். எத்தனை மணிக்குக் கப்பல் எங்கே இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது எல்லாமே அதில் இருக்கும். அவற்றை ஒரே வரைபடத்தில் குறித்தபோது காற்று ஒரு மையத்தைச் சுற்றி ஓடுவது தெரிந்தது. வங்கக்கடல் புயல் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இதுதான். அதன்பின் ஒவ்வொரு புயலாக எடுத்து, வங்கக்கடல், அரபிக்கடல், சீனக் கடல் என வரிசையாக எழுதிக்கொண்டே போனார்.

சென்னையில் அப்போது செயற்கைத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் நிற்கும். புயல் வந்தால் ஆழ்கடலுக்கு ஓடினால்தான் தப்பிக்க முடியும். அப்படி ஓடுகிற கேப்டனுக்குப் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரிவது உயிர்ப் பிரச்சினை.

ஐந்து நாள் சுற்றிய கப்பல்

1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் அருகே ‘சார்லஸ் ஹெடில்’ என்ற கப்பல் புயலில் மாட்டியது. காற்று தள்ளும் பக்கமே ஓடினால் தப்பிக்கலாம் என்று கேப்டன் கப்பலை விட்டார். ஐந்து நாள், ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியது. லாக் புத்தகத்தை வைத்துப் பாதையை வரைந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கப்பல் புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி பிடிங்டனுக்குக் கிடைக்கவில்லை.

கொம்புத் தகடு எப்படி வேலை செய்தது?

கட்டுரை எழுதினால் மாலுமிகள் படிக்க மாட்டார்கள் என்பது மாலுமியாக இருந்த அவருக்குத் தெரியாதா? மாட்டுக்கொம்பைச் சீவிச் செய்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய மெல்லிய தகடுகளில் வட்டங்களையும் காற்றின் திசைகளையும் பொறித்துப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும், தெற்கே கடிகார முள்ளின் திசையில் சுற்றும். அதனால் ஆளுக்கொரு தகடு.

கடல் வரைபடத்தின் மேல் தகட்டை வைத்து, இப்போது வீசும் காற்றின் திசை கப்பல் நிற்கும் புள்ளியில் பொருந்துகிற மாதிரி நகர்த்த வேண்டும். நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் புயலின் மையம். தகடே இல்லாவிட்டாலும் ஒரு எளிய கணக்கு உண்டு. வட பாதியில் காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால், மையம் ஏறக்குறைய வலது கைப் பக்கம் இருக்கும்.

காற்று சரியான வட்டமாக ஓடாது, உள்பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும் என்று பிறகு வந்த ஆய்வுகள் அவருடைய கணக்கைத் திருத்தின. ஆனாலும் ஆபத்து எந்தப் பக்கம் என்று சொல்ல அந்தத் தகடு உதவியது.

பாம்பிலிருந்து வந்த பெயர்

1848-ல் வெளிவந்த மாலுமிகளுக்கான கையேட்டில்தான் ‘சைக்ளோன்’ என்ற சொல்லை அவர் முன்வைத்தார். அதுவரை ஒரே புயலை ஆளுக்கொரு பெயரில் அழைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். சில பெயர்கள் காற்றின் வேகத்தைச் சொன்னன, சுழற்சியைச் சொல்லவில்லை. பாம்பு சுருண்டு கிடப்பதையும் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து அவர் இந்தப் பெயரை உருவாக்கினார். வட்டம் என்று அடித்துச் சொல்லாமல், வளைந்து சுற்றுகிறது என்று மட்டும் சொல்லும் பெயர்.

டல்ஹவுசிக்கு ஒரு கடிதம்

கடலில் இருப்பவர்களுக்கு வழி சொன்னவர், கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். ஹூக்ளி ஆற்றில் மண் சேர்ந்து கப்பல் போக்குவரத்துக்குச் சிரமம் ஏற்பட்டதால், கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே சுந்தரவனப் பகுதியின் மட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் யோசனை எழுந்தது. 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு பிடிங்டன் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்.

அவர் சொன்னது இதுதான். புயலில் காற்றைவிடக் கடல்நீர்தான் அதிக உயிரைக் குடிக்கும். புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் மட்லா வழியாக உள்ளே புகுந்தால், மொத்தக் குடியிருப்பும் 5 முதல் 15 அடி ஆழத்தில் மூழ்கும். அந்த நாள் என்றாவது வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எழுந்தது, கல்கத்தாவிலிருந்து ரயில் பாதை போட்டார்கள், போர்ட் கேனிங் என்று பெயரும் வைத்தார்கள். அதையெல்லாம் பார்க்க பிடிங்டன் இல்லை. 1858-ல் கல்கத்தாவில் இறந்துவிட்டார்.

1867 நவம்பர் 1

முதல் அடி கல்கத்தாவுக்கே விழுந்தது. 1864 அக்டோபர் 5-ல் வந்த புயலிலும் அது கொண்டுவந்த வெள்ளத்திலும் சுமார் 60,000 பேர் இறந்ததாகக் கணக்கு. மூன்றே ஆண்டுகளில், 1867 நவம்பர் 1-ம் தேதி போர்ட் கேனிங்கின் முறை வந்தது. சுமார் ஆறு அடி உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்து துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். பிடிங்டன் சொன்ன அளவுகளில் மிகக் குறைந்ததை ஒட்டியே தண்ணீர் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு என்ன ஆனது?

1864 புயலுக்குப் பின், 1865-ல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. இன்று புயல் அறிவிப்பில் காற்றின் வேகத்தோடு, கடல்நீர் எத்தனை அடி உயரும், எந்தத் தாழ்வான பகுதிகளுக்குள் புகும் என்றும் தனியாகச் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தில் பிடிங்டன் கேட்டதும் அதைத்தான்.

கேனிங் இப்போதும் இருக்கிறது. கல்கத்தாவின் சியால்டாவிலிருந்து லோக்கல் ரயில் ஏறினால் அங்கே போய் இறங்கலாம். சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் பலர் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ரயில் நிலையம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கல்கத்தாவுக்கு மாற்றாக எழுந்த துறைமுகம் மட்டும் இல்லை.