நகரசேட் சாந்திதாஸ் ஜவேரி

குஜராத்தி மொழியில் ஜவேரி என்பது மணி வணிகரைக் குறிக்கும் சொல். அதனைச் சமண வரலாற்றில் நிலைபெறச் செய்தவர், பதினேழாம் நூற்றாண்டில் அகமதாபாத் நகரில் வாழ்ந்த சாந்திதாஸ் ஆவார். அவர் சுவேதாம்பரப் பிரிவினர். நம்முடையது திகம்பர மரபு. ஆயினும், பார்சுவநாத பகவானுக்கு ஆலயம் எடுத்து, அதனை இழந்து, அதன்பொருட்டுப் பேரரசரிடம் முறையிட்ட ஒரு சிராவகரின் வரலாறு நமக்கும் அயலானதன்று.

அவருடைய முன்னோர் மார்வாட்டைச் சேர்ந்த ஓஸ்வால் குலத்தினர். தந்தையார் சகஸ்ரகிரணர் அகமதாபாத்துக்கு வந்து மணி வணிகத்தில் ஈடுபட்டார். ஒரு கல்லின் குற்றத்தை விற்பவன் அறிவான். வாங்குபவன் பெரும்பாலும் அறியான். ஆகவே அத்தொழிலில் முதலினும் பெரிது நாணயம். தந்தை தேடிவைத்த நாணயத்தை மகன் மொகலாய அரசவை வரை கொண்டு சென்றார். ஜகாங்கீர், ஷாஜகான் ஆகிய இரு பேரரசர்களின் அரண்மனைக்கும் அவர் மணிகளும் அணிகலன்களும் வழங்கினார். வணிகர்கள் அவரை நகரசேட், அதாவது நகரத்து வணிகர் தலைவர், என ஏற்றனர். அப்பதவி அக்குடும்பத்திற்கே வழிவழி உரிமையாயிற்று.

ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் நகர்ப்புறத்துச் சரஸ்பூரில் சிந்தாமணி பார்சுவநாதர் ஆலயத்தை எழுப்பினார். 1620களில் அது நிறைவெய்தியது. 1638இல் அந்நகருக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, அதனைக் காணத்தக்க மிகச் சிறந்த கட்டடங்களுள் ஒன்றாகக் குறித்துள்ளார். வாயிலில் கரும்பளிங்கால் ஆன இரு யானைகள் நின்றதையும், அவற்றுள் ஒன்றின்மேல் ஆலயம் எடுத்தவரின் உருவம் அமர்ந்திருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். தம் உருவத்தை யானைமேல் ஏற்றிக்கொண்டது வணிகரின் பெருமிதமாக இருக்கலாம். அப்பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை.

1645இல் குஜராத்தின் ஆளுநராக இருந்த இளவரசர் ஔரங்கசீப் அவ்வாலயத்தின் தூய்மையைக் கெடுத்து, அதனை மசூதியாக மாற்றினார். சாந்திதாஸ் ஆயுதம் நாடவில்லை, பேரரசரிடம் முறையிட்டார். 1648இல் ஷாஜகான் தம் மகனின் செயலை மாற்றி ஆணை பிறப்பித்தார். கட்டடம் சாந்திதாஸிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். உள்ளே கட்டப்பட்ட தொழுகை மாடங்கள் சுவரெழுப்பித் தடுக்கப்பட வேண்டும். அங்குத் தங்கியிருந்த பக்கிரிகள் வெளியேற வேண்டும். எடுத்துச் செல்லப்பட்ட கட்டடப் பொருள்கள் மீட்கப்பட வேண்டும், கிடைக்காதவற்றிற்கு விலை பெறப்பட வேண்டும் என்று அந்த ஆணை விரிந்தது. மகன் செய்ததைத் தந்தையைக் கொண்டே மாற்றச் செய்தது சிறிய வெற்றியன்று. எனினும் தூய்மை இழந்த அவ்விடத்தில் மீண்டும் வழிபாடு நடைபெறவில்லை. ஆணையால் கட்டடம் திரும்பியது, ஆலயம் திரும்பவில்லை.

அவருடைய வாழ்வின் மிகக் கடினமான கட்டம் அதன் பின்னரே வந்தது. 1657இல் ஷாஜகான் நோயுற்றதும் மைந்தர்களிடையே அரியணைப் போர் மூண்டது. அப்போது குஜராத்தை ஆண்ட இளவரசர் முராத், தம் படைச்செலவுக்காக அகமதாபாத் வணிகரிடம் 5,50,000 ரூபாய் கடனாகப் பெற்றார். அதில் 4,22,000 ரூபாய் சாந்திதாஸின் மகன் மாணிக்சந்த் அளித்தது. மீதி கூட்டாளியும் பிறரும் கொடுத்தது. ஆயுதம் ஏந்திய இளவரசன் கேட்கும் கடனை மறுக்க எந்த வணிகரால் இயலும்? 1658 ஜூன் மாதத்தில், சூரத், காம்பே முதலிய ஊர்களின் வருவாயிலிருந்து அக்கடனைத் தீர்க்குமாறு முராத் ஆணையிட்டார். சில நாட்களிலேயே, மதுராவுக்கு அருகே, தம் அண்ணன் ஔரங்கசீப்பால் அவர் சிறைப்பட்டார். அவருடைய ஆணை வெற்றுத் தாளாயிற்று.

சாந்திதாஸ் அத்தாளோடு புதிய பேரரசரையே அணுகினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் ஆலயத்தைக் கெடுத்தவர் எவரோ, அவர்முன்! அந்நாளில் அவர் உள்ளத்தில் என்ன இருந்ததென்று எவ்வேடும் கூறவில்லை. ஔரங்கசீப் அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் தர ஆணையிட்டார். தம் நல்லெண்ணத்தை அகமதாபாத் மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். புதிய அரசுக்கும் அந்த மணி வணிகரின் நாணயம் தேவைப்பட்டது. இதற்குச் சற்று முன்னரே, சத்ருஞ்சய மலை அடிவாரத்துப் பாலிதானா அவர் பெயருக்கு மானியமாகியிருந்தது. 1659இல் சாந்திதாஸ் காலமானார். பேரரசர்கள் அளித்த ஆணைகளை அவர் வழியினர் தலைமுறைதோறும் காத்து வந்தனர்.

பேரர் குஷால்சந்தின் காலத்தில் மணி வணிகத்தோடு உண்டியல், கடன் கொடுக்கல் வாங்கலும் பெருகின. 1725இல் மராட்டியப் படை நகரைச் சூறையாட முற்பட்டபோது, அவர் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நகரைக் காத்தார். அதற்கு நன்றியாக, நகரில் முத்திரையிடப்படும் சரக்குகளின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கணா அவர் குடும்பத்திற்கு உரியதென வணிகர்கள் எழுதிக் கொடுத்தனர். வகத்சந்த், ஹேமாபாய், பிரேமாபாய் எனத் தொடர்ந்த நகரசேட்டுகளுள் ஹேமாபாயின் கொடை கல்விக்கும் மருத்துவத்திற்கும் சென்றது. சத்ருஞ்சயம் முதலிய தீர்த்தங்களைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அமைப்பு பிரேமாபாயின் காலத்தில், 1880இல், முறையான விதிகளைப் பெற்றது. பின்னாளில் அதற்கு நெடுங்காலம் தலைமை தாங்கி, ராணக்பூர், தில்வாரா ஆலயங்களின் திருப்பணியை நடத்திய கஸ்தூர்பாய் லால்பாயும் சாந்திதாஸின் வழிவந்தவரே.

கஸ்தூர்பாயின் தந்தையார் லால்பாய் தல்பத்பாய் பஞ்சாலைத் தொழிலில் இறங்கியவர். 1897இல் அவர் நிறுவிய நூற்பாலை, முன்னோரின் ஆலயம் நின்ற அதே சரஸ்பூரின் பெயரைத் தாங்கியது. அவ்வாலயத்திலிருந்து உரிய நேரத்தில் வெளியே கொண்டு செல்லப்பட்டவை எனச் செவிவழிச் செய்திகள் கூறும் திருவுருவங்கள், அகமதாபாத்தில் மணி வணிகர் குடியிருந்த ஜவேரிவாட் பகுதியின் ஜிநாலயங்களில் இன்றும் வழிபடப்படுகின்றன.