இசைவாணர் செய்த தொலைநோக்கி

ஜெர்மனி நாட்டின் பழைய நகரங்களுள் ஹானோவர் ஒன்று. அந்நகரத்துப் படையின் இசைக்குழுவில் ஐசக் ஹெர்ஷல் என்பவர் ஓபோ என்னும் குழற்கருவியை வாசித்து வந்தார். குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. ஆயினும் அவர் தம் மக்களுக்கு இசை பயிற்றியதோடு அமையாது, வானத்தை நோக்கும் விருப்பத்தையும் ஊட்டினார். குளிர் மிகுந்த தெளிந்த இரவொன்றில் தம் சிறுமகள் காரொலினைத் தெருவிற்கு அழைத்துச் சென்று, விண்மீன் குழுக்களைச் சுட்டிக் காட்டினார். அந்நாளில் தோன்றிய வால்மீன் ஒன்றையும் அவள் கண்டாள்.

ஐசக்கின் மைந்தருள் ஒருவரே வில்லியம் ஹெர்ஷல். இவர் 1738ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரைப் போலப் படையின் இசைக்குழுவிற் சேர்ந்தார். 1757இல் போர் மூண்டு ஹானோவர் தோல்வியுற்றபொழுது, பெற்றோர் அவரை இங்கிலாந்திற்கு அனுப்பி வைத்தனர். அங்கு இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர், செல்வர் பலர் வந்து தங்கும் பாத் நகரத்தில், கிறித்தவக் கோயில் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் பணி அவருக்கு 1766இல் கிடைத்தது. அதனோடு இசை கற்பிக்கவும் தொடங்கினார். சில வாரங்களில் 35 பாடங்களுக்கு மேலும் நடத்துவாராம்.

ஹானோவரில் இருந்த தங்கையின் நிலையோ இரங்கத்தக்கது. காரொலினுக்குப் பத்து வயதில் கொடிய காய்ச்சல் கண்டது. அதன்பின் அவர் உயரம் நாலேகால் அடிக்கு மேல் வளரவில்லை. வீட்டு வேலைக்கே உரியவர் எனத் தாயார் அவரைக் கருதினார். வில்லியம், தாயார் பணிப்பெண் ஒருத்தியை வைத்துக்கொள்ளுதற்குரிய பொருளை ஆண்டுதோறும் தருவதாக ஒப்பி, 1772இல் தங்கையைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். பாட்டுப் பயிற்சி பெறவே அவ்வம்மையார் வந்தார். ஆனால், அண்ணனின் உள்ளம் வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது.

இராபர்ட்டு ஸ்மித் என்பவர் இயற்றிய இசை நூலொன்றை ஹெர்ஷல் கற்றிருந்தார். அவ்வாசிரியரே ஒளியைப் பற்றியும் நூல் செய்திருந்தார். இசை நூலைப் பயின்றவர் ஒளி நூலையும் பயின்றார். 1773ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்குசன் என்பார் எழுதிய வானநூல் ஒன்றையும் விலைக்கு வாங்கினார். பகலெல்லாம் பாடம் சொல்லிக் களைத்த பின்னர், இரவில் படுக்கையிலும் அந்நூல்களையே படித்தார். பிறர் கண்டு எழுதியவற்றைத் தாமும் தம் கண்ணாற் காணவேண்டும் என்னும் ஆவல் அவரை ஆட்கொண்டது. அதற்குத் தொலைநோக்கி வேண்டுமே! எத்தகைய தொலைநோக்கி? அதற்கு எவ்வளவு பொருள் செலவிடுவது?

தொலைநோக்கிகள் இரு வகைப்படும். கண்ணாடி வில்லையால் ஒளியை வளைத்து ஒரிடத்துக் குவிப்பது ஒரு வகை. குழியாடியால் ஒளியைத் திருப்பிக் குவிப்பது மற்றொரு வகை. ஒற்றை வில்லையின் வழியே நோக்கினால், விண்மீனைச் சுற்றி வண்ணக் கறை தோன்றும். கருவியை மிக நீளமாகச் செய்தால் அக்குறை ஒருவாறு தணியும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து அக்குறையைப் போக்கும் முறைக்கு லண்டன் நகரத்து டாலண்டு என்பவர் 1758இல் உரிமை பெற்றிருந்தார். ஆனால், அத்தகைய வில்லைகள் விலை மிக்கவை. ஆதலால் ஹெர்ஷல் லண்டனிலிருந்து எளிய வில்லைகளையே வரவழைத்தார்.

வில்லைகள் வருமுன், அவற்றைப் பொருத்துதற்குரிய 18 அல்லது 20 அடி நீளக் குழாயைக் காரொலின் அம்மையார் காகித அட்டையால் ஒட்டிச் செய்தார். கருவி முற்றுப்பெற்றதும் வியாழனையும் சனியையும் காணலாம் என்று வீட்டிலுள்ளோர் ஆவலோடு கூடினர். அந்தோ! ஹெர்ஷல் ஒருவரைத் தவிர வேறு எவர் கண்ணுக்கும் ஒன்றும் புலப்படவில்லை. நீண்ட அட்டைக் குழாய் நேராக நில்லாமல் வளைந்துவிட்டதே காரணம். பின்னர்த் தகரக் குழாய் அமைத்து அக்குறையை நீக்கினர். எனினும், அத்துணை நீளமுள்ள கருவியைத் திருப்பி ஒரு மீனின்மேல் நிறுத்துவது பெருந்தொல்லையாகவே இருந்தது. எத்துணைத் தெளிவாகக் காட்டும் கருவியாயினும், எளிதில் திருப்பவும் அசையாமல் நிறுத்தவும் இயலாவிடின் அதனால் பயன் இல்லை. இதனை அவர் பட்டறிவாற் கற்றார்.

அடுத்து அவர் செய்ததே மிகவும் பாராட்டற்குரியது. ஆடித் தொலைநோக்கி தமக்கு ஏற்குமா என்று அறியாமல் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கினாரில்லை. இரண்டடி நீளமுள்ள சிறு கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அது கையாள எளிதாக இருந்தது. வண்ணக் கறையும் இல்லை. தமக்கு வேண்டியது ஆடித் தொலைநோக்கியே என்று துணிந்தார். ஐந்தாறு அடி நீளமுள்ள கருவிக்கு ஏற்ற ஆடியின் விலை யாது எனக் கேட்டு லண்டனுக்கு எழுதினார். அத்துணைப் பெரிய ஆடி விற்பனைக்கு இல்லை என்றும், வேண்டுமாயின் செய்து தரலாம் என்றும் விடை வந்தது. கேட்ட விலையோ அவர் கொடுக்க எண்ணியதினும் மிக்கது. அவர் தளரவில்லை. ஆடி தேய்த்து வந்த ஒருவர் அத்தொழிலை விட்டுவிட்டு, பாத் நகரில் தம் கருவிகளையும் அரைகுறையாக முடிந்த ஆடிகளையும் விற்க முன்வந்தார். ஹெர்ஷல் அவற்றை வாங்கித் தாமே ஆடி செய்யத் தொடங்கினார்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. அழகிய வரவேற்பு அறையில் தச்சர் குழாயும் தாங்கியும் செய்தார். படுக்கையறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் பொறியை நிறுவினார். அக்காலத்தில் ஆடி என்பது கண்ணாடியன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்து வார்த்த வெண்மையான உலோக வட்டு. அதனைத் தேய்த்துக் குழிவாக்கி, பின் கீல் பூசிய அச்சின்மேல் இடையறாது மெருகிடல் வேண்டும். ஒரு முறை அவர் 16 மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்கவில்லை. காரொலின் அம்மையார் உணவைச் சிறு கவளங்களாக அவர் வாயில் ஊட்டினார். சோர்வு தோன்றாதிருக்கக் கதைகளைப் படித்தும் காட்டினார். இசையரங்கிற்கென அணிந்த ஆடையோடு பட்டறைக்குள் ஓடிவரும் அண்ணனின் பின்னல் வேலை செய்த கைவிளிம்புகள் கீல் பட்டும் கிழிந்தும் பாழானதைக் கண்டு அவ்வம்மையார் வருந்தியதும் உண்டு. அவருடைய பாட்டுப் பயிற்சியும் தடைப்பட்டது. தங்கையின் இவ்விழப்பை அண்ணனின் புகழைப் பேசுவோர் மறத்தல் ஆகாது.

1774ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், தாம் செய்த ஐந்தரை அடிக் கருவியால் சனியின் வளையத்தையும் ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள ஒளிமுகிலையும் ஹெர்ஷல் கண்டார். அன்று தொடங்கிய குறிப்பேடு பல ஆண்டுகள் வளர்ந்தது. பின்னர் 7 அடி நீளமும் 6 அங்குலத்திற்குச் சற்று மிகுந்த ஆடியும் உடைய கருவி ஒன்றைச் செய்தார். 1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் இரவு, நியூ கிங் தெருவிலுள்ள தம் வீட்டில் அக்கருவியால் மிதுன விண்மீன் குழுவிற்கு அருகே நோக்கினார். மீன்களிடையே ஒன்று வட்டமாகத் தோன்றியது. முதலில் 227 மடங்கு பெரிதாக்கிக் கண்டார். பின் 460, 932 மடங்குகளாக உயர்த்தினார். மடங்கு ஏற ஏற அவ்வட்டமும் பெருகியது. அண்டை மீன்களோ அவ்வாறு பெருகவில்லை. ஆதலின் அது விண்மீன் அன்று என்று தெளிந்தார். வால்மீனாகலாம் எனக் கருதினார். பிற அறிஞர் அதன் போக்கைக் கணித்து, அது சனிக்கும் அப்பால் கதிரவனைச் சுற்றும் கோள் என நிறுவினர். அதுவே யுரேனஸ். பிளாம்ஸ்டீடு என்னும் வானநூலார் 1690இலேயே அதனைக் கண்டிருந்தும், விண்மீன் என்றே எழுதிவைத்தார்.

1782இல் அவ்வேழடிக் கருவியைக் கிரீனிச்சு வானாய்வுக் கூடத்திற்குக் கொண்டுசென்று, அங்கிருந்த கருவிகளோடு ஒப்பிட்டனர். வீட்டிற் செய்த கருவியே சிறந்ததென விளங்கிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஹெர்ஷலுக்கு ஆண்டிற்கு 200 பவுன் ஊதியம் அளித்தார். இசையால் ஈட்டியதினும் இது குறைவே. எனினும் அவர் இசைத் தொழிலை விடுத்து, தொலைநோக்கிகள் செய்து விற்றுக் குறைவை நிரப்பினார்.

தங்கைக்கும் ஒரு சிறு கருவி செய்து கொடுத்தார். அதன் நீளம் ஏறத்தாழ இரண்டடி. அது பெரிதாக்கிக் காட்டுவதும் ஏறத்தாழ இருபது மடங்கே. ஆனால், வானத்தின் அகன்ற பரப்பை ஒரே பார்வையில் காட்ட வல்லது. வால்மீன் தேடுவோர்க்கு வேண்டுவது அதுவே. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அண்ணன் வெளிநாடு சென்றிருந்தபொழுது, அம்மையார் அதனாற் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். 1797க்குள் அவர் கண்ட வால்மீன்கள் எட்டு. 1787 முதல் அரசாங்கம் அவருக்கும் ஆண்டிற்கு 50 பவுன் ஊதியம் வழங்கியது.

ஹெர்ஷலின் மிகப் பெரிய கருவி 1789இல் ஸ்லவ் என்னும் ஊரில் முடிவுற்றது. அதன் நீளம் 40 அடி; ஆடியின் அகலம் 48 அங்குலம்; மன்னர் அளித்த பொருள் 4,000 பவுன். அதனைக் காணப் பலர் திரண்டு வந்தனர். ஆனால், அதனை இயக்க ஆட்கள் வேண்டும். ஆடியோ விரைவில் மங்கும். ஆகவே ஹெர்ஷல் இரவுதோறும் நாடியது தம் 20 அடிக் கருவியையே. தாம் தொகுத்த 2,500 ஒளிமுகில்கள், மீன்கூட்டங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை அவர் அதனாலேயே கண்டார்.

1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஹெர்ஷல் மறைந்தார். அம்மையார் ஹானோவருக்குத் திரும்பி, 1848இல், தம் 97ஆம் வயதில் உயிர் நீத்தார். மைந்தர் ஜான் ஹெர்ஷலும் வானநூல் வல்லுநரானார். பயனற்றுப் போன 40 அடிக் கருவியின் சட்டங்களை அவர் பிரித்தெடுத்து, 1839ஆம் ஆண்டின் இறுதி இரவில் தம் மனைவி மக்களோடு அப்பெருங்குழாயினுள் அமர்ந்து, தாமே இயற்றிய பாடலைப் பாடி அதற்கு விடை கொடுத்தார். யுரேனஸைக் கண்ட பாத் நகரத்து வீடு இன்று காட்சியகமாக விளங்குகிறது. உலோகம் உருக்கிய பட்டறையையும், பின்புறத்துச் சிறு தோட்டத்தையும் ஆங்குச் செல்வோர் காணலாம்.